வீட்டுக்குள் விஞ்ஞானம்: பழைய ஸ்டீரியோ செற்றுக்குக் கம்பியில்லாமல் பாட்டு



சென்ற இதழில் குளிர்காலத்து மின்சாரக் கட்டணத்தைக் குறைக்கும் வழிகளைப் பார்த்தோம். இம்முறை எமக்கு வந்த கடிதங்களில் ஒன்று வேறொரு விடயத்தைக் கேட்கிறது. இங்கு வந்து ஒன்றரை வருடமான ஒரு குடும்பம் எழுதியிருக்கிறது: "பிள்ளையின் படிப்புக்காக ஒரு கணனி வாங்கினோம். வீடு மாறிப் போன ஒருவர் தனது பழைய ஸ்டீரியோ செற்றை எங்களுக்குத் தந்துவிட்டுப் போனார். கணனியில் பாட்டு இருக்கிறது, ஆனால் சத்தம் நுளம்பு பாடுவது போல. செற்றில் நல்ல சத்தம் இருக்கிறது, ஆனால் போட்டுக் கேட்க ஒன்றும் இல்லை. இரண்டையும் சேர்க்க முடியாதா? கடையில் கேட்டால் பழையதை எறிந்துவிட்டு, மாதத் தவணையில் புதுச் செற் எடுக்கச் சொல்கிறார்கள்."

எமது பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழையதை எறிய வேண்டாம். தவணைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கவும் வேண்டாம். பயணத்துக்கு வாங்கிய கடன், ஊருக்கு அனுப்பும் காசு, வீட்டு வாடகை என்று ஆயிரம் சுமை இருக்கும் வேளையில், பாட்டுக் கேட்பதற்காக இன்னொரு மாதக் கடன் எதற்கு? உங்கள் கணனிக்கும் அந்தச் செற்றுக்கும் இடையில் இல்லாதது கையளவுச் சாமான் ஒன்றுதான். அது என்ன, எப்படி வேலைசெய்கிறது, எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

காதுக்குள் அடைபட்ட பாட்டு

"இதெல்லாம் எதற்கு? ஆளுக்கொரு கைத்தொலைபேசி இருக்கிறது, காதில் செருகிக்கொண்டு கேட்கலாமே" என்று சிலர் நினைக்கலாம். கேட்கலாம்தான். ஆனால் எம்மவர் வீடுகளில் வானொலி ஒருவருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. அடுப்படியில் நின்றவருக்கும், முற்றத்தில் இருந்தவருக்கும், வேலிக்கு அப்பால் நின்ற அயலவருக்கும் அது சேர்த்தே பாடியது.

1990ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் தொடங்கிய பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாகிவிட்டது. அப்போது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, சுற்றியிருந்த அத்தனை பேரும் செய்தி கேட்டார்கள். அப்படிக் கூடியிருந்து கேட்டுப் பழகியவர்கள் இன்று நான்கு சுவருக்குள் நால்வரும் நான்கு சோடி காதுக்கருவிகளுடன் இருக்கிறோம். அம்மம்மாவுக்கு அந்தக் கருவியும் காதில் நிற்பதில்லை, தொலைபேசியின் கண்ணாடித் திரையும் விரலுக்குப் பிடிபடுவதில்லை. நடுவறையில் ஒரு செற் பாடினால் அவரும் கேட்பார். இதற்காகவே இந்தச் சிறு வேலையைச் செய்வது நல்லது என்பது எமது அபிப்பிராயம்.

கணனிக்குள் பாட்டு எப்படி இருக்கிறது?

கசெற் நாடாவில் பாட்டு காந்தத் தடமாக இருக்கும். கணனியில் அது வெறும் எண்களாக இருக்கிறது. 1982இல் விற்பனைக்கு வந்த சீடித் தட்டின் கணக்கு இது: ஒலி அலையின் உயரம் ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் கொண்ட ஓர் எண். இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டு வரிசை. எல்லாம் சேர்ந்து விநாடிக்கு ஏறத்தாழ 14 இலட்சத்து 11 ஆயிரம் பிட். மனிதக் காதுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். அதிர்வு எண்ணிக்கையின் இரு மடங்குக்குச் சற்று அதிகமாக அளந்தால் போதும் என்பதனால்தான் 44,100 என்ற எண் வந்தது.

இவ்வளவு எண்களையும் வைத்திருக்க அந்த நாளில் கணனிகளில் இடம் போதவில்லை. ஆகவே ஜேர்மனியின் ஏர்லாங்கன் நகரத்தில் பிரவுன்ஹோபர் நிறுவனத்து ஆய்வாளர்கள், காது கவனிக்காத ஒலிகளைக் கழித்துவிட்டு மிகுதியை மட்டும் சேமிக்கும் முறையை உருவாக்கினார்கள். 1995 யூலையில் அந்தக் கோப்புகளுக்கு "எம்பி3" என்று பெயரிட்டார்கள். விநாடிக்கு 1,28,000 பிட் என்ற அளவில் சேமித்தால், சீடியில் பிடிக்கும் இடத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான் தேவை.

இந்த எண்களைத் திரும்பவும் மின் அலையாக மாற்றிச் செற்றுக்குக் கொடுக்க வேண்டும். செற் அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். கம்பி வழி, கம்பியில்லா வழி எல்லாம் இந்த ஒரு வேலைக்குத்தான்.

முதலில் ஐந்து டொலர் வழி

கம்பியில்லா வழிக்குப் போகுமுன் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலருக்கு அதுவே போதும். உங்கள் கணனியின் பக்கத்தில் காதுக்கருவி செருகும் சிறிய துளை இருக்கும். அதன் குறுக்களவு 3.5 மில்லிமீற்றர். செற்றின் பின்பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வட்டத் துளைகள் இருக்கும். ஒரு முனையில் 3.5 மில்லிமீற்றர் பிளக்கும், மறுமுனையில் சிவப்பு, வெள்ளைப் பிளக்குகளும் உள்ள வயர் எந்த மின்சாதனக் கடையிலும் சில டொலருக்குக் கிடைக்கும். செருகினால் பாட்டு வரும்.

அந்தச் சிவப்பு வெள்ளைத் துளைக்கு ஆர்.சி.ஏ. என்று பெயர். 1930களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பனி இசைத்தட்டுப் பெட்டியை வானொலியுடன் இணைப்பதற்காகக் கொண்டுவந்தது. இத்தனை ஆண்டுகளாகியும் அது மாறவில்லை. உங்கள் செற் 1985இல் செய்ததானாலும் இன்றைய கருவி அதில் பொருந்துவது இதனால்தான்.

துளையைத் தெரிவு செய்வதில் கவனம் வேண்டும். "ஆக்ஸ்", "சீடி", "ரேப் இன்" என்று எழுதியிருப்பவற்றில் எதிலும் செருகலாம். "போனோ" என்று எழுதியிருப்பதில் மட்டும் செருகக் கூடாது. அது இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் மிக மெல்லிய மின் அலைக்கானது. அதைப் பலமடங்கு பெருக்கும். கணனியின் அலையை அதற்குள் விட்டால் கரகரவென்று அலறும், ஒலிபெருக்கிக்கும் கேடு.

இனிக் கம்பியில்லாமல்

கம்பியில் ஒரு சிக்கல் உண்டு. கணனி பிள்ளையின் மேசையில் இருக்கும், செற் நடுவறையில் இருக்கும். நிலத்தில் வயர் ஓடினால் யாராவது தடக்கி விழுவார்கள். கணனியைச் செற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் பிள்ளை படிக்க முடியாது. கம்பியில்லா வழி இதற்குத்தான். இரண்டு வகை இருக்கின்றன.

முதலாவது புளூடூத். 1994ஆம் ஆண்டளவில் சுவீடனின் எரிக்சன் கம்பனியில் தொடங்கிய முயற்சி இது. 10ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற அரசனின் பட்டப்பெயர்தான் "நீலப்பல்". டேனியக் குழுக்களை ஒன்றிணைத்தவன் என்பதால், கருவிகளை ஒன்றிணைக்கும் முறைக்கும் அவன் பெயரை வைத்தார்கள். அவன் நாட்டிய கல்வெட்டு, எம்மவர் பலர் வாழும் யூலாந்துப் பகுதியில் யெலிங் என்ற ஊரில் இன்றும் நிற்கிறது.

இதில் கணனி நேரடியாகவே சிறு கருவியுடன் பேசும். நடுவில் வேறெதுவும் தேவையில்லை, இணைய இணைப்பும் தேவையில்லை. 2.4 கிகாஹேட்ஸ் என்ற அலைவரிசையை 79 சிறு பாதைகளாகப் பிரித்து, விநாடிக்கு 1,600 தடவை பாதை மாறி மாறி ஓடும். ஒரு பாதையில் இடைஞ்சல் இருந்தாலும் அடுத்ததில் தப்பிவிடும். சாதாரணமாகப் பத்து மீற்றர் தூரம் எட்டும். நடுவே கொங்கிறீற் சுவரோ ஆட்களோ இருந்தால் குறையும்.

இரண்டாவது வைஃபை வழி. இதில் கணனியும் செற்றோடு இணைக்கும் கருவியும் வீட்டிலுள்ள ஒரே வைஃபை வலையமைப்பில் சேர்ந்திருக்கும். கணனி எண்களை ரவுட்டருக்கு அனுப்ப, ரவுட்டர் கருவிக்குக் கொடுக்கும். வீட்டில் வைஃபை எட்டும் இடமெங்கும் இது எட்டும். ஒரே பாட்டை இரண்டு மூன்று அறைகளில் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யவும் முடியும். புளூடூத் பாட்டை இன்னுமொரு தடவை சுருக்கித்தான் அனுப்பும், வைஃபையில் சுருக்காமலும் அனுப்பலாம். ஆனால் வீட்டு வேலைகளுக்கிடையே, சாதாரண ஒலிபெருக்கியில் கேட்கும்போது இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது.

எந்த வீட்டுக்கு எது?

நிலக்கீழ் அறைகளை வாடகைக்கு எடுத்து, மேலே இருக்கும் வீட்டுக்காரரின் வைஃபையையே பாவிக்கும் குடும்பங்கள் எம்மிடையே பல. அவர்களுக்கு நாம் சொல்வது புளூடூத். ஏனெனில் பொது வைஃபையில் உங்கள் கருவி மேல்வீட்டுக்காரரின் தொலைபேசியிலும் தெரியும். அவர் தெரியாமல் தொட்டாலும் அவருடைய பாட்டு உங்கள் அறையில் பாடும். "விருந்தினர்" என்ற பெயரில் தனி வைஃபை தந்திருந்தால் இன்னொரு சிக்கல். பல ரவுட்டர்களில் அந்த வலையமைப்புக்குள் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று காண முடியாதபடி தடுக்கப்பட்டிருக்கும். எவ்வளவு முயன்றாலும் இணையாது. பிழை உங்களுடையது அல்ல.

சொந்த இணைய இணைப்பும், இரண்டு மூன்று அறைகளும் உள்ளவர்கள் வைஃபை வழியை யோசிக்கலாம். ஆனால் முதலில் புளூடூத்தில் தொடங்கிப் பாருங்கள், செலவு குறைவு.

எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று: "இப்படிப் பாட்டு அனுப்பினால் இணையக் கணக்குக் கூடாதா?" கணனிக்குள் ஏற்கெனவே இருக்கும் பாட்டை அனுப்பினால் ஒரு சதமும் கூடாது. புளூடூத்தில் அது வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. வைஃபையிலும் ரவுட்டர் வரைக்கும் போய்த் திரும்புகிறதே தவிர வெளியே போவதில்லை. பாட்டையோ வானொலியையோ இணையத்திலிருந்து நேரடியாகக் கேட்கும்போதுதான் கணக்கில் ஏறும். விநாடிக்கு 1,28,000 பிட் அளவில் ஒரு மணித்தியாலம் கேட்டால் ஏறத்தாழ 58 மெகாபைட். நாளுக்கு நான்கு மணித்தியாலம் கேட்டால் மாதம் 7 கிகாபைட் வரை போகும். வீட்டு இணைப்பில் இது பெரிதல்ல. தொலைபேசியின் மாதக் கணக்கிலிருந்து எடுப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்.

இணைக்கும் முறை

கடையில் "புளூடூத் ஓடியோ ரிசீவர்" என்று கேளுங்கள். அதே பெட்டி வடிவில் "ட்ரான்ஸ்மிற்றர்" என்றும் ஒன்று விற்கும். அது அனுப்புவது. எமக்குத் தேவை பெறுவது. இரண்டும் செய்யும் கருவியில் ஒரு சிறு ஆளி இருக்கும். அதை "ஆர்.எக்ஸ்." பக்கம் தள்ளி வையுங்கள்.

செற்றை நிறுத்திவிட்டு, கருவியின் சிவப்பு வெள்ளை வயரை ஆக்ஸ் துளையில் செருகுங்கள். கருவிக்கு மின்சாரம் கொடுங்கள். செற்றின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு இயக்குங்கள். பிறகு கணனியில் "செற்றிங்ஸ்" பகுதிக்குப் போய் புளூடூத்தைத் திறந்து, புதிய கருவியைச் சேர்க்கும்படி சொல்லுங்கள். கருவியின் பெயர் திரையில் வரும், அதை அழுத்துங்கள். கீழ்மூலையில் உள்ள ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தி, சத்தம் அந்தக் கருவிக்குப் போகும்படி தெரிவு செய்யுங்கள். கணனியின் சத்தத்தை முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு, செற்றின் குமிழை மெதுவாகத் திருப்புங்கள். பழைய கணனியில் புளூடூத் இல்லாவிட்டால் யூ.எஸ்.பி. துளையில் செருகும் சிறு துண்டு ஒன்று வாங்கினால் போதும்.

ஒரு தடவை இணைத்துவிட்டால் கருவி அதை நினைவில் வைத்திருக்கும். அதன் பின் அம்மம்மா செய்ய வேண்டியது செற்றின் குமிழைத் திருப்புவது மட்டும்தான். குமிழ் திருப்ப அவருக்கு நாம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

வரக்கூடிய தொல்லைகள்

பாட்டு விட்டு விட்டு வருகிறதா? அடுப்படியில் மைக்ரோவேவ் ஓடுகிறதா என்று பாருங்கள். அதுவும் அதே 2.4 கிகாஹேட்ஸ் பகுதியில்தான் வேலைசெய்கிறது. கருவியை இரும்பு அலுமாரிக்குப் பின்னாலோ செற்றுக்கு அடியிலோ ஒளித்து வைக்காதீர்கள்.

படம் பார்க்கும்போது வாய் அசைந்த பிறகு சத்தம் வருகிறதா? இது பழுது அல்ல. வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். மேலே தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும், தாங்கியில் கொஞ்சம் சேர்ந்திருந்தால் கீழே குழாய் சீராக ஓடும். அதுபோலக் கருவியும் கொஞ்சம் எண்களைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பாடத் தொடங்கும். புளூடூத்தில் இந்தத் தாமதம் விநாடியின் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு. சில வைஃபை முறைகளில் இரண்டு விநாடி வரை போகும். பாட்டுக்கு இதனால் ஒன்றுமில்லை. படத்துக்குக் கம்பியே நல்லது.

பாட்டு திடீரென்று பழைய தொலைபேசியில் கேட்பது போல மெலிந்துவிட்டதா? கருவியில் ஒலிவாங்கியும் இருந்தால், காணொளியில் கதைக்கும்போது கணனி அதைத் தொலைபேசி முறைக்கு மாற்றிவிடும். கதைக்கும் செயலியை மூடிவிட்டு, சத்தத் தெரிவில் "ஸ்டீரியோ" என்றிருப்பதை மீண்டும் தெரிவு செய்யுங்கள்.

ஐரோப்பாவிலிருந்தோ ஊரிலிருந்தோ செற்றைக் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கு மின்சாரம் 230 வோல்ற், கனடாவில் 120 வோல்ற். பின்பக்கத்தில் வோல்ற் மாற்றும் ஆளி இருக்கிறதா என்று பார்த்த பின்பே செருகுங்கள். இல்லையென்றால் அதற்குரிய மாற்றி வேண்டும். அதன் விலைக்கு இங்கே தொண்டுக் கடையில் நல்ல பழைய செற் ஒன்றே கிடைத்துவிடும்.

பெட்டி பழுதில்லை, ஆதரவு போய்விட்டது

விலை கூடிய வைஃபைக் கருவிகளை வாங்க நினைப்பவர்கள் இந்தச் சிறு வரலாற்றையும் அறிந்திருப்பது நல்லது. 2004 யூனில் அப்பிள் கம்பனி ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் என்ற சுவரில் செருகும் பெட்டியை அறிவித்தது. விலை 129 அமெரிக்க டொலர். கணனியில் இருக்கும் பாட்டை வைஃபை மூலம் சாதாரண ஸ்டீரியோவுக்கு அனுப்பும் வசதியைப் பல வீடுகளுக்குள் கொண்டுசென்றது அதுதான். 2018இல் அப்பிள் அதை விற்பதை நிறுத்திக்கொண்டது. 2015இல் கூகிள் 35 டொலருக்குக் குரோம்காஸ்ற் ஓடியோ என்ற வட்டக் கருவியைக் கொண்டுவந்தது. 2019இன் தொடக்கத்தில் அதன் உற்பத்தியும் நின்றது. 2025 மார்ச்சில் அந்தக் கருவிகள் உலகெங்கும் ஒரே நேரத்தில் வேலைசெய்ய மறுத்தன. உள்ளே இருந்த மின்னணுச் சான்றிதழ் ஒன்றின் காலம் முடிந்துவிட்டது. கூகிள் பின்னர் அதைச் சரிசெய்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? செற்றும் ஒலிபெருக்கியும் நாற்பது வருடம் உழைக்கும். நடுவில் இருக்கும் சிறு கருவிதான் கெதியாகக் காலாவதியாகும். ஆகவே காசை நடுவில் கொட்ட வேண்டாம். எல்லாம் ஒன்றாய் அமைந்த விலை கூடிய பெட்டியை வாங்கினால், கம்பனி கைவிடும் நாளில் நல்ல ஒலிபெருக்கியும் சேர்ந்தே குப்பைக்குப் போகக்கூடும். தனித்தனியாக இருந்தால் நடுக்கருவியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அலுமாரிக்குள் இருக்கும் குரல்கள்

பழைய செற்றை எறிய வேண்டாம் என்று நாம் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதில் பெரும்பாலும் கசெற் போடும் வசதி இருக்கும்.

1980களிலும் 90களிலும் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பு எட்டாத விலையில் இருந்தபோது, எம்மவர் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி அனுப்பினார்கள். அம்மா பேசுவார், பின்னால் சேவல் கூவும், சின்னவன் பாடம் ஒப்புவிப்பான். அந்தக் கசெற்றுகள் இன்றும் பல வீடுகளில் துணிப்பெட்டிக்கு அடியில் கிடக்கின்றன. பேசியவர்கள் சிலர் இப்போது இல்லை. புதிதாக வந்த குடும்பங்களிடமும், ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த ஒன்றிரண்டு இருக்கக்கூடும். கசெற் நாடாவில் காந்தத் தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தாலும் வெப்பத்தாலும் தளர்ந்துவிடும். காத்திருந்தால் நட்டம்தான்.

செய்யும் முறை எளிது. முதலில் கசெற்றின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். அதன் பின் கைதவறிப் பதிவு ஆளியை அழுத்தினாலும் பழைய குரல் அழியாது. நாடா தளர்ந்திருந்தால் பென்சிலைத் துளையில் விட்டு மெல்லச் சுற்றி இறுக்குங்கள். சீ-90, சீ-120 நாடாக்கள் மெல்லியவை. வேகமாக முன்னும் பின்னும் ஓட்டினால் அறுந்துவிடும். செற்றின் "ரேப் அவுட்" அல்லது காதுக்கருவித் துளையிலிருந்து, கணனியில் செருகும் யூ.எஸ்.பி. ஒலிக்கருவிக்கு வயர் கொடுங்கள். அந்தக் கருவியில் "லைன் இன்" இருக்க வேண்டும். இங்கே கம்பிதான் வேண்டும், கம்பியில்லா வழி வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிற்றி என்ற செயலியில் பதியலாம். சத்தத்தின் அளவுகோல் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுருக்காமல் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 635 மெகாபைட் இடம் பிடிக்கும். ஒருவர் பேசும் பதிவுக்கு ஒற்றை வரிசை போதும், இடமும் அரைவாசியாகும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது, அந்தப் பதிவைக் கணனியிலிருந்து நடுவறைச் செற்றுக்கு அனுப்பிப் போடுங்கள். ஒரு கொப்பியையும் பேனையையும் பக்கத்தில் வைத்திருங்கள். "இது யார் பேசுவது? எந்த ஊர்? எந்த வருடம்?" என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். தொலைபேசியில் காதுக்குள் கேட்டால் ஒருவருக்குத்தான் கேட்கும். நடுவறையில் கேட்டால் அம்மம்மா ஒரு பெயர் சொல்வார், மாமா அதைத் திருத்துவார், இங்கே பிறந்த பிள்ளை முதன்முறையாகத் தன் பூட்டியின் குரலைக் கேட்கும். குரல் பதிவில் நூறு வருடம் இருக்கலாம். அது யாருடைய குரல் என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவ்வளவு காலம் இருக்கப் போவதில்லை.

அயலவரையும் நினையுங்கள்

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. சுவரைத் தாண்டிப் போவது பாட்டின் குரல் அல்ல, அடித்தள மேளச் சத்தம். செற்றில் "பாஸ்" என்று எழுதியிருக்கும் குமிழைக் குறைத்தால் பாதிச் சண்டை தீரும். ஒலிபெருக்கியை நிலத்தில் வைக்காமல், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரிலும் சாய்க்காமல், மேசையில் தடித்த துணி விரித்து வையுங்கள். இரவு நேரச் சத்தம் பற்றிய விதி உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒருமுறை வாசித்துப் பாருங்கள். புளூடூத் கருவி இணைப்புக்குக் காத்திருக்கும் நிலையில் கிடந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் தன் தொலைபேசியை அதில் இணைத்துவிடலாம். கேட்டு முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

பழைய செற்றுகளைத் தெரிவு செய்து வாங்கும்போது எவற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். அதை அடுத்த இதழில் விபரமாக எழுதுவோம். உங்கள் வீட்டுக் கசெற் ஒன்றைக் கணனிக்கு மாற்றி முடித்தவர்கள், அதில் என்ன கிடைத்தது என்று எமக்கும் எழுதுங்கள்.